எமிஷன் டெஸ்டுக்கு இடம் பிடித்த பாடு

எலக்ட்ரானிக் போர்டு வெளியே கசியவிடும் ரேடியோ அலைகள் வரம்புக்குள் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் எமிஷன் டெஸ்ட். அதற்கென்றே வெளி அலைகள் புகாத சேம்பர் (அறை) உண்டு. அதன் வாடகை தண்டம் ஆகக்கூடாது, எங்கள் போர்டு தேறுமா என்று முன்கூட்டியே நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம். ஆன்டெனா, அதில் வரும் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப், எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு பலம் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் எல்லாம் சுலபமாகச் சேர்ந்துவிட்டன. உயிரை வாங்கியது இடம்தான்.

முதலில் மொட்டை மாடி. போர்டுக்கும் ஆன்டெனாவுக்கும் 3 மீட்டர் இடைவெளி விட்டு அளக்க, 6 மீட்டர் நீளம், 5.2 மீட்டர் அகல நீள்வட்டத்துக்குள் எதிரொலிக்கும் பொருள் எதுவும் இருக்கக்கூடாது. அந்தக் கணக்குப்படி பழுதில்லாத இடம். ஆனால் போர்டுக்கு பவரே கொடுக்காமல் ஸ்கேன் போட்டால், 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை பண்பலை நிலையங்கள். மேலே போனால் டிவி, செல்போன். சிஸ்பர் 32 என்ற சர்வதேசத் தரத்தின் பி வகுப்பில் (வீட்டில் பயன்படும் சாதனங்களுக்கானது) 230 மெகாஹெர்ட்ஸ் வரை, 3 மீட்டரில், வரம்பு மீட்டருக்கு 40 டெசிபல் மைக்ரோவோல்ட்தான். பண்பலை அதைத் தாண்டி எங்கேயோ நின்றது. எங்கள் போர்டிலோ 25 மெகாஹெர்ட்ஸ் கிளாக். அதன் நாலாவது ஹார்மோனிக் (நாலு மடங்கு அதிர்வெண்) 100 மெகாஹெர்ட்ஸ், சரியாக அந்தக் கூட்டத்துக்கு நடுவே!

பலமான பண்பலை சிக்னல் ப்ரீஆம்பையும் திணறடிக்கும். இல்லாத சிக்னல்கள் திரையில் முளைக்கும். ப்ரீஆம்புக்கு முன்னால் சிக்னலைக் குறைக்கும் 10 டெசிபல் அட்டெனுவேட்டர் போடுங்கள். ஒரு சிக்னல் 10 டெசிபலுக்கு மேல் இறங்கினால் அது போலி.

அடுத்து ஒரு வாடகை ஹால். "லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிக்கலாம் சார்" என்று போனில் சொன்ன மேனேஜர், சாமான்களை இறக்கிய பிறகு, "பேனல் சாவி எலக்ட்ரீஷியன்கிட்ட இருக்கு, அவர் இன்னைக்கு லீவு" என்றார். தலைக்கு மேலே வரிசையாக எல்இடி விளக்குகள். 30 மெகாஹெர்ட்ஸிலிருந்தே இரைச்சல். அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் ரூல்ஸ் பேசினார். ஹாலைப் பார்க்கப் போகும்போதே பேட்டரியில் ஓடும் அனலைசரை எடுத்துப்போய், மெயினை இறக்கச் சொல்லி ஒரு ஸ்கேன் போட்ட பிறகு பணம் கொடுங்கள்.

கடைசியில் கைகொடுத்தது ஒரு கட்டடத்தின் பேஸ்மென்ட் பார்க்கிங். பண்பலை வரம்புக்குக் கீழே அடங்கிவிட்டது. பதிலுக்கு வேறு தொல்லை: கான்கிரீட் கம்பி, தண்ணீர்க் குழாய், நிற்கும் கார்கள். ஆன்டெனாவை அரை மீட்டர் நகர்த்தினால் அளவே மாறிவிடும். லிஃப்ட் ஓடும்போதெல்லாம் ஸ்கேனை நிறுத்த வேண்டியிருந்தது. சேம்பரில் ஏற்கெனவே அளந்த காம்ப் ஜெனரேட்டர் (சீரான இடைவெளியில் நிலையான சிக்னல்களை வெளிவிடும் கருவி) ஒன்றை போர்டு வைக்கும் இடத்தில் வைத்து, இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டோம். தரையில் டேப் ஒட்டி, ஆன்டெனாவை அங்கிருந்து அசைக்கவே இல்லை. காம்ப் இல்லாமல் பேஸ்மென்டில் வரும் எண்ணை நான் நம்பமாட்டேன். முறையான டெஸ்டில் செய்வதுபோல் ஆன்டெனாவை 4 மீட்டர் வரை உயர்த்திப் பார்க்கவும் கூரை விடாது; அதற்காக வரம்புக்குக் கீழே 6 டெசிபல் கூடுதலாக விட்டுவைத்தோம்.

அங்கேதான் 100 மெகாஹெர்ட்ஸ் மாட்டியது. ஸ்பானை (திரையில் தெரியும் அதிர்வெண் அகலத்தை) சுருக்கிப் பார்த்தால், மிச்சமிருந்த பண்பலை பாட்டுக்கேற்ப விரிந்து சுருங்கியது. பக்கத்தில் ஆணி அடித்தாற்போல் அசையாமல் ஒரு கோடு. போர்டை அணைத்தால் கோடும் போனது. ஈதர்நெட் கேபிளில் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் மாட்டியதும் மளமளவென்று இறங்கியது. இப்போது அடுத்த ரிவிஷனில் கனெக்டருக்குப் பக்கத்திலேயே அதே வேலையைச் செய்யும் காமன் மோட் சோக்குக்கு இடம் விட்டிருக்கிறோம்.