குதிரைக்குட்டியின் கால் அறுவை சிகிச்சை: எக்ஸ்ரே அறையில் வீணான நாட்கள்

பிறந்த குதிரைக்குட்டியின் முன்னங்கால் முட்டிகள் சற்றே உட்புறம் சாய்ந்திருப்பது வழக்கந்தான். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே நேராகிவிடும். எங்கள் கத்தியவார் இனக் குட்டிக்கோ நான்கு மாதம் தாண்டியும் சாய்வு கூடிக்கொண்டே போனது. ஓடவிடாமல் சிறிய கொட்டகையில் அடைத்து வைத்தும், லாடம் கட்டுபவரைக் கொண்டு குளம்பின் வெளி ஓரத்தைச் சீவியும் பலன் இல்லை. அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்குவோர் உடம்பிலுள்ள முடிச் சுழிக்குக் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட முட்டிக்குக் காட்டுவதில்லை என்பதால், "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்ல மட்டும் ஆட்கள் நிறைய இருந்தார்கள்.

அந்தப் பேச்சை நம்பிக் காலம் கடத்துவதுதான் ஆபத்து. முட்டிக்கு மேலுள்ள எலும்பின் அடிநுனி ஏறத்தாழ ஆறு மாதம் வரை வேகமாக வளரும். பிறகு வேகம் குறைந்துவிடும். கோணலைத் திருத்தும் அறுவை சிகிச்சை இந்த வளர்ச்சியை நம்பித்தான் செய்யப்படுகிறது. குளம்புக்குச் சற்று மேலிருக்கும் மூட்டில் கோணல் இருந்தால் மூன்று மாதத்துக்குள்ளாகவே கவனித்தாக வேண்டும்.

பெரிய மருத்துவமனையில் முதல் தடை வாசலிலேயே வந்தது. நோயாளியான குட்டி மட்டுமே உள்ளே வரலாம், தாய்க்குதிரை வெளியில் நிற்க வேண்டும் என்றார் காவலாளி. பால்குடிக்கும் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் இரண்டும் மிரண்டு காயப்படும் என்று வாதாடி உள்ளே போனால், உள்ளூர்க் கால்நடை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் சீட்டுப் போட முடியாது என்று எழுத்தர் திருப்பி அனுப்பினார். கடிதத்தோடு மீண்டும் போனபோது, நாய்களுக்கே எக்ஸ்ரே எடுத்துப் பழகியவர் மூட்டை மட்டும் சிறிய தகட்டில் எடுத்துக் கொடுத்தார். அறுவை மருத்துவர் அதை ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டார். குட்டி நான்கு காலிலும் நேராக நிற்கும்போது, முட்டிக்கு மேலும் கீழும் உள்ள நீண்ட எலும்புகள் போதிய அளவு தெரியும்படி முன்புறமிருந்து படம் எடுத்தால்தான், அவற்றின் நடுவே கோடு வரைந்து வளைவு எங்கே தொடங்குகிறது என்று கணிக்க முடியும். முட்டிக்குள் இருக்கும் சிறு எலும்புகள் நசுங்கியிருந்தால் இந்தச் சிகிச்சையே பயன்படாது என்பதால், அதையும் படத்தில்தான் பார்க்க வேண்டும். நீளமான தகட்டில் முன்புறமாக எடுக்கும்படி மருத்துவரிடமே சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அறுவை சிகிச்சை சிக்கலின்றி முடிந்தது. உட்புறம் வேகமாக வளர்வதுதான் கோணலுக்குக் காரணம் என்பதால், ஒவ்வொரு காலிலும் உட்பக்கமாக வளர்ச்சித் தட்டின் (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) குறுக்கே ஒரு திருகாணி போட்டார்கள். அது அப்பக்கத்தின் வளர்ச்சியைத் தடுக்க, வெளிப்பக்கம் வளர்ந்து கால் நேராகிறது. முந்தைய இரவு முழுவதும் குட்டியைப் பட்டினி போடும்படி உதவியாளர் சொன்னதை மருத்துவரிடம் கேட்டுப் பார்த்தது நல்லதாயிற்று. பால்குட்டிக்கு அவ்வளவு நேரம் கூடவே கூடாது என்றார்.

உண்மையில் விழித்திருக்க வேண்டியது இதற்குப் பிறகுதான். கால் நேரானதும் திருகாணியை எடுக்காவிட்டால் கால் எதிர்ப்பக்கம் வளையத் தொடங்கிவிடும். இரண்டு கால்களும் ஒரே நாளில் நேராகும் என்ற உறுதியும் இல்லை. எங்கள் குட்டிக்கு வலது கால் முந்திக்கொண்டது. அந்தத் திருகாணியை எடுக்கப் போனபோது, பழைய கடிதம் செல்லாது, புதிதாக வாங்கி வாருங்கள் என்றார் அதே எழுத்தர். இடது காலின் திருகாணி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அதற்கான கடிதத்தை இப்போதே வாங்கி, எக்ஸ்ரே உறைக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.