ஆடியில் வந்த பொது மேலாளர்

2024 ஜூலை 15, திங்கள்

காரைக்குடியில் அப்பா தொடங்கி, இப்போது நானும் தம்பியும் நடத்திவரும் உணவகத்துக்கு இன்று புதிய பொது மேலாளர் பொறுப்பேற்றார். நேற்று இரவு பல்லவன் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர், காலை ஏழு மணிக்கே பின்வாசல் வழியாக உள்ளே வந்து, பாத்திரம் கழுவும் இடம், சரக்கறை, அடுப்படி, கூடம் என்ற வரிசையில் பார்த்துவிட்டு, கடைசியில்தான் என் அறைக்கு வந்தார். விருந்தினர் பார்க்கும் பக்கத்தைவிட அவர்கள் பார்க்காத பக்கத்தில்தான் ஓட்டலின் உடல்நலம் தெரியும் என்றார்.

ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கிறது. கல்யாண வீடுகள் இல்லாத, பந்தி ஆர்டர் வராத இந்த மாதத்தில் ஏன் சேர்கிறீர்கள் என்று தம்பி கேட்டதற்கு, கூட்டம் குறைந்த நாளில்தான் ஆட்களோடு உட்கார்ந்து பேச முடியும் என்று பதில் சொன்னார்.

2024 ஜூலை 17, புதன்

மதியம் கூட்டம் ஓய்ந்த பிறகு, அவர் கடந்துவந்த வழியைக் கேட்டேன். தேவகோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். பெண்பிள்ளையை ஓட்டல் வேலைக்குப் படிக்க வைப்பதா என்று உறவினர் தடுத்தபோது, ரங்கூனில் செட்டியார் கடை ஒன்றில் சமையல் வேலை பார்த்து, 1942ஆம் ஆண்டுப் போரில் நடந்தே ஊர் திரும்பிய தாத்தாதான், ‘சோறு போடுகிற வேலையில் என்ன குறை’ என்று கேட்டு, சென்னையில் மூன்றாண்டு கேட்டரிங் படிப்புக்கு அனுப்பிவைத்தாராம். பர்மாவிலிருந்து நம் ஊருக்கு வந்து சேர்ந்த கவுனி அரிசியைப் பற்றி அந்தத் தாத்தா சொன்ன கதைகளை இப்போதும் நினைவு வைத்திருக்கிறார்.

பயிற்சிக் காலத்தில் ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகளுக்குப் படுக்கை விரித்திருக்கிறார். பிறகு விருந்து மண்டபத்தில் பரிமாறுபவர், உணவகத்தில் கேப்டன், உதவி மேலாளர், தோகாவில் நான்காண்டு, மறுபடி சென்னை. எந்தப் படியையும் தாண்டிக் குதிக்கவில்லை. மண்டபத்தில் ஆயிரம் பேருக்குப் பரிமாறிவிட்டு, இரவு ஒரு மணிக்கு, பரிமாறியவர்களுக்கு மட்டும் உணவு மிஞ்சாமல் தண்ணீர் குடித்துப் படுத்த நாள்களை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார். கேட்ட எனக்குத்தான் தொண்டை அடைத்தது. எங்கள் சர்வர்களும் மாலை நாலு மணிக்கு மேல், மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறார்கள் என்பது அப்போது உறைத்தது.

2020இல் ஊரடங்கு வந்தபோது அவர் இருந்த விடுதியின் அறைகள் தனிமைப்படுத்தப்பட்ட பயணிகளுக்கு ஒதுக்கப்பட்டன. கதவுக்கு வெளியே உணவை வைத்துவிட்டு வருவதோடு வேலை முடிந்துவிடும் நிலையிலும், ஒவ்வோர் அறைக்கும் நாள்தோறும் தொலைபேசியில் பேசி, சோறு சூடாக இருந்ததா, வேறு என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். முகம் பார்க்காமல் உபசரிப்பதைத் தாம் கற்றுக்கொண்ட காலம் அது என்றார்.

2024 ஜூலை 20, சனி

இன்று முதல் கடை திறக்கும் முன், பதினொரு மணிக்கே எல்லாருக்கும் சாப்பாடு. நடுவில் இடைவெளி விட்டு இரண்டு வேளையாக வேலை செய்யும் பிரேக் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் மதியம் படுக்க இடமின்றித் திண்ணையில் சாய்ந்துகிடந்ததைப் பார்த்து, மாடியில் உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையை ஒழித்து, பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று எனத் தடுத்துவிட்டார். வாசலில் நிற்கும் பையனிடம், நம் வீடுகளில் வருகிறவரைப் பார்த்து எல்லாரும் ‘வாங்க’ என்று சொல்வதுபோலச் சொன்னால் போதும், ‘வெல்கம் சார்’ வேண்டாம் என்றார்.

2024 ஜூலை 26, வெள்ளி

கணக்கிலும் கெட்டிக்காரர். நூறு ரூபாய்க்கு விற்றால் அதில் முப்பது, முப்பத்தைந்து ரூபாய்க்குள் சரக்குச் செலவு நிற்க வேண்டும் என்பது தொழிலில் புழங்கும் பொதுக்கணக்கு. எங்கள் கணக்கில் கோழி மட்டும் ஏன் இடிக்கிறது என்று தேடியபோது, உயிர் எடைக்கு விலை பேசி, வெட்டிச் சுத்தம் செய்தபின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோவதைச் சேர்க்காமலே விலைப்பட்டியல் போட்டிருந்தது தெரிந்தது. பிழை என்னுடையது.

ஆனால், எனக்குப் பெரிதாகப் பட்டது வேறொன்று. இருபது ஆண்டுகளாக எங்கள் மசாலாவை வறுத்து அரைப்பவர் பெரியம்மா ஒருவரே. அவர் மகளுக்கு வைகாசியில் பிரசவம் ஆனது; இன்னும் பேரனை அவர் பார்க்கவில்லை. விடுப்பு கேட்டார், நான்தான் ஆடி போகட்டும் என்றேன். இதை அறிந்த மேலாளர், நான்கு நாள்களாக அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, அவர் கைப்பிடியாக அள்ளும் மல்லி, மிளகு, சீரகம், சோம்பு, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எல்லாவற்றையும் வாணலியில் விழுமுன் தராசில் நிறுத்துக் குறித்தார். கல்பாசியைக் கடைசியில், அடுப்பை அணைத்த சூட்டிலேயே புரட்ட வேண்டும், இல்லாவிட்டால் கசக்கும் என்பதைப் பெரியம்மாவின் சொற்களிலேயே எழுதிக்கொண்டார்.

‘என் கையை வாங்கிக்கிட்டு என்னைய வீட்டுக்கு அனுப்பப் போறியா தாயி?’ என்று பெரியம்மா கேட்டாராம். ‘பேரனைப் பாக்க அனுப்பப் போறேன் பெரியம்மா. பத்து நாள் கழிச்சு நீங்க வந்து, நாங்க செஞ்ச தப்பைத் திருத்தணும்’ என்று இவர் சொல்லியிருக்கிறார். சம்பளத்தோடு விடுப்பு என்பதை என்னிடம் கையெழுத்து வாங்கிய பிறகுதான் அதைச் சொன்னார்.

2024 ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆடி அமாவாசை. ஞாயிறாக இருந்தும் அசைவம் கேட்பவர் மிகக் குறைவு. பெரியம்மா காலைப் பேருந்தில் புறப்பட்டார். நோட்டைப் பார்த்து இளைய சமையற்காரர் முதன்முறையாகத் தனியே மசாலா அரைத்தார். மேலாளர் அருகில் நின்றார், கை வைக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 5, திங்கள்

மதியம் அந்த மசாலாவில் செய்த கோழிக் குழம்பை அப்பாவுக்குக் கொடுத்தோம். எதுவும் சொல்லாமல்தான் பரிமாறினோம். இரண்டு வாய் சாப்பிட்டு, ‘சோம்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு; பெரியம்மா ஊருக்குப் போயிட்டாங்களா?’ என்று கேட்டார். மேலாளர் உடனே அடுப்படிக்குப் போய், எஞ்சியிருந்த சோம்பை நிறுத்துப் பார்த்து, நோட்டில் பழைய அளவை அடிக்காமல், அதன் பக்கத்தில் பென்சிலால் ஐந்து கிராம் குறைத்து எழுதி, மாலையில் பெரியம்மாவிடம் பேரனின் நலம் கேட்கும்போது இதையும் கேட்க வேண்டும் என்று சுழித்துவைத்தார்.