அப்பா எழுதி வைத்த இரண்டு பக்கம்

கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று சேலத்தில் சொன்னபோது அப்பா டாக்டரிடம் ஒன்றுதான் கேட்டார். "காப்பிப் பழம் எடுக்கிற வரைக்கும் இருப்பேனுங்களா?" அப்போது ஆடி மாதம். ஏற்காட்டில் பழம் எடுப்பு கார்த்திகை, மார்கழியில். "இருக்கலாம்" என்றார் டாக்டர்.

அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். 31 வருடம் செக்ரோல், அதாவது ஆட்களின் தினசரி வருகைப் பதிவேடு, எழுதிய கை அது. ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்கவில்லை. வீட்டைச் சுற்றிக் கொஞ்சம் காப்பி, சில்வர் ஓக்கில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி, அம்மா. நான் கீழே அஸ்தம்பட்டியில் இருக்கிறேன், அண்ணன் பெங்களூரில்.

திரும்பி மலை ஏறும்போது, எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று நினைவில்லை, அப்பா சொன்னார்: "உன் சித்தப்பாவைப் பண்ணின மாதிரி என்னைப் பண்ணிடாதீங்க கண்ணு." சித்தப்பா 11 நாள் வென்டிலேட்டரில் இருந்தார். குழாயைப் பிடுங்காமல் இருக்கக் கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். அப்பா கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதைத்தான் சொல்ல வந்தார். நான், "இப்ப எதுக்குப்பா அபசகுனமா பேசறீங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். அதன் பிறகு மூன்று வாரம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்த மூன்று வாரம் அவர் தனியாக யோசித்துக்கொண்டு படுத்திருந்தார் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

வலி கூடியபோதுதான் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவுக்குப் போனோம். பாலியேட்டிவ் கேர் என்றால் கைவிட்ட நோயாளிகளுக்கு என்று நினைத்திருந்தேன். அந்த டாக்டர் ஸ்கேன் படத்தைத் தள்ளி வைத்துவிட்டு, "ராத்திரி தூக்கம் எப்படிங்க ஐயா?" என்று ஆரம்பித்தார். அப்பாவிடம் யாரும் அதுவரை அதைக் கேட்கவில்லை.

மார்ஃபின் மாத்திரை கொடுத்தார், அபினிலிருந்து எடுக்கும் கடும் வலிக்கான மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வந்த பிறகு அல்ல, வருவதற்கு முன்பே. படுக்கப் போகும்போது மட்டும் இரண்டு மடங்கு, நடு இரவில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. முதல் நாளிலிருந்தே மலச்சிக்கலுக்கும் ஒரு மாத்திரை. பழகிவிடுமோ, சீக்கிரம் போய்விடுவாரோ என்று பயந்து கேட்டேன். வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் இரண்டும் நடக்காது என்று பொறுமையாக விளக்கினார். எல்லா மருந்துக் கடையிலும் இது கிடைக்காது, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனையில் வாங்க வேண்டும். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு மருத்துவமனைகள் இதை வாங்கி வைப்பது முன்னைவிட எளிது என்றும் சொன்னார். நான்காம் நாள் அப்பா தோட்டத்து வாசல்வரை நடந்தார்.

"லிவிங் வில்" என்ற சொல்லை அந்த டாக்டரிடம்தான் முதலில் கேட்டேன். பேச முடியாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் தாள். 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. அப்போது நடைமுறை கடினமாக இருந்தது, மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்றிருந்தது. 2023 ஜனவரியில் அதை மாற்றிவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஆனால் நான் போன முதல் நோட்டரி, "மாஜிஸ்திரேட் இல்லாம செல்லாதும்மா" என்று திருப்பி அனுப்பினார். உடம்பு முடியாத மனிதரைக் காரில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போய் வாதாடுவது எவ்வளவு கொடுமை தெரியுமா? போவதற்கு முன் போனிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், 2023 தீர்ப்பின் நகலையும் கையில் வைத்திருங்கள். அடுத்த நோட்டரி நகலைப் படித்துவிட்டு அரை மணியில் முடித்துக் கொடுத்தார். சாட்சிகள் எஸ்டேட்டில் அப்பாவோடு வேலை பார்த்த இருவர். சொந்தக்காரர்களாக இல்லாதிருந்தால் நல்லது என்று சொல்லியிருந்தார்கள்.

முதல் பக்கம் டைப் செய்தது. வென்டிலேட்டர் வேண்டாம், நெஞ்சை அமுக்கி உயிர்ப்பிக்க வேண்டாம், விழுங்க முடியாமல் போனால் மூக்கில் குழாய் வேண்டாம். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் எவ்வளவு மருந்து தேவையோ அவ்வளவும் வேண்டும். வீட்டில் சமாளிக்க முடியாத வலி என்றால் மட்டும் கீழே கொண்டுபோகலாம். அவரால் பேச முடியாதபோது முடிவெடுக்க என் பெயர், அடுத்து அண்ணன் பெயர். ஒன்றுக்கு மேற்பட்ட பெயர் போடலாம். அம்மா, "என்னைச் சேர்க்காதீங்க, என்னால முடியாது" என்று சொல்லிவிட்டார். அதையும் மதிக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தை அப்பா தன் கையாலேயே எழுதினார், எங்களுக்குக் காட்டவில்லை. நகல் ஒன்று டாக்டரிடம், ஒன்று உள்ளாட்சி அலுவலகத்தில், அசல் அம்மாவின் பீரோவில்.

ஒன்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இது கருணைக்கொலைப் பத்திரம் அல்ல. நினைவு இருக்கும்வரை அப்பா வாயால் சொல்வதுதான் முடிவு, பேசும் நிலை போனால்தான் இந்தத் தாள் பேசும். மருத்துவமனையில் இருந்தாலும் தாளைக் காட்டியதும் கருவியை நிறுத்திவிட மாட்டார்கள். அங்கே ஒரு மருத்துவக் குழு பார்க்கும், பிறகு இன்னொரு குழுவும் சரிபார்க்கும். ஒவ்வொன்றும் 48 மணி நேரத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது என்று தீர்ப்பில் இருக்கிறது.

அண்ணன் போனில் கத்தினார். "அப்பாவைச் சாகடிக்கப் பேப்பர் போடறியா?" நான் அழுதேன், பதில் சொல்லவில்லை.

அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கேட்டதில், வீட்டுக்கே வரும் நோய் ஆதரவு (பாலியேட்டிவ் கேர்) நர்ஸ் கிடைத்தார். அவர் எங்களுக்குச் செய்ததை எழுத இடம் போதாது. இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கக் கற்றுக்கொடுத்தார். முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

அம்மாவின் தவிப்பு வேறு. அப்பா கஞ்சியையும் ஒதுக்க ஆரம்பித்ததும், "பசியோட அனுப்பிட்டேன்னு ஆயிடுமே" என்று கரண்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். வலுக்கட்டாயமாக ஊட்டி ஒருநாள் புரையேறிவிட்டது. நர்ஸ், அம்மாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சொன்னார்: "சாப்பிடாததால அவர் போகலைங்கம்மா. போற நேரம் வந்ததால உடம்பு சோறு கேட்கலை." அப்புறம் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து உதட்டில், நாக்கில் தடவக் காட்டினார். அதிலிருந்து அது அம்மாவின் வேலை. மணிக்கொரு முறை, யாரையும் தொட விடமாட்டார்.

மார்கழி. அண்ணன் வந்திருந்தார். ஒரு மணி இருக்கும், அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வெளியே பனி, வாசல் விளக்குகூடத் தெரியவில்லை. அண்ணன் 108 போடப் போனை எடுத்துவிட்டார். 20 வளைவு, அந்தப் பனியில். நான் ஒன்றும் பேசாமல் பீரோவைத் திறந்து தாளைக் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தை இருவரும் அப்போதுதான் படித்தோம். செக்ரோல் எழுத்து, கோணாமல். கடைசி வரி: "பெரியவன் பயந்து ஆம்புலன்ஸ் கூப்பிடுவான். கூப்பிட வேண்டாம் சாமி. பக்கத்தில் உட்கார்."

அண்ணன் உட்கார்ந்தார்.

நர்ஸ் போனில் சொன்னபடி தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம், ஜன்னலைத் திறந்தோம். மூச்சு முட்டினால் கொடுக்க டாக்டர் முன்பே எழுதித் தந்திருந்த கூடுதல் மார்ஃபினைப் பொடித்து, சில துளி நீரில் கரைத்துக் கன்னத்துக்குள் விட்டேன். அரை மணியில் இழுப்பு தணிந்தது. விடியும்வரை அண்ணன் அவர் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் காலை, பழம் எடுக்கும் பெண்கள் வந்து சாக்கு விரித்துக்கொண்டிருந்த நேரத்தில், அப்பா போய்விட்டார். அவருடைய கட்டிலில்.

வீட்டில் இறந்தால் காரணச் சான்றிதழ் யார் தருவார் என்று முன்பே கேட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்டிருந்த ஏற்காட்டு டாக்டர் படிவம் 4ஏ-வில் எழுதிக் கொடுத்தார். 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஐந்தாம் நாளே அண்ணன் போய் முடித்துவிட்டார்.

காரியம் முடிந்த பிறகு மீதி மார்ஃபினைத் திருப்பிக் கொடுக்கச் சேலம் இறங்கினோம். வீட்டில் வைத்திருக்கக் கூடாது. கவுண்டரில் இருந்தவர் எண்ணினார், பிறகு அண்ணனையும் எண்ணச் சொன்னார். 23 மாத்திரை. பதிவேட்டில் எழுதிவிட்டுக் கையெழுத்துக் கேட்டார். அண்ணன் பேனாவை என்னிடம் நீட்டினார்.