தோடியும் மூன்று பென்சிலும்

மார்ச் 3, திங்கள்

விழாவுக்கு இன்னும் ஆறு நாள். எங்கள் இசைப்பள்ளி இந்த வருடம் எடுத்துக்கொண்ட கரு: வெவ்வேறு இசை மரபுகளிலிருந்து வந்து, தாங்களே இசையமைத்துத் தாங்களே வாசிக்கிறவர்கள். என் உருப்படி பன்னிரண்டு நிமிடம், தோடி ராகம். வயலின் நான். கிளாரினெட், இங்கே மேற்கத்திய இசை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். பிப்பா, அதாவது நாலு தந்தியுள்ள சீன மீட்டு வாத்தியம், என்கூடப் படிக்கிற சீனத் தோழி.

முதல் ஒத்திகை நாலு நிமிடத்தில் நின்றுவிட்டது. தப்பு என்னுடையது.

வழக்கமான கிளாரினெட் ஒரு பி-பிளாட் வாத்தியம். தாளில் சி என்று எழுதியிருந்தால் காதில் பி-பிளாட் விழும். அதனால் எழுதுகிறவர் எல்லாவற்றையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றி எழுத வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆனால் முதல் ஸ்வரமான ஸட்ஜத்தை எந்தச் சுருதியில் வைத்தாலும் ஸட்ஜம் ஸட்ஜம்தான் என்று பழகிய கை, பேனா பிடித்ததும் அதையெல்லாம் மறந்துவிட்டது. நான் ஐந்து கட்டையில், அதாவது ஜி-யில், வாசிக்கிறேன். அவர் தாளில் ஜி-யைப் பார்த்து ஊதினார், எஃப் வந்தது. என் ஸட்ஜத்துக்கு எதிரே அவருடைய ஸட்ஜம் கைசிகி நிஷாதமாக, ஒரு முழு ஸ்வரம் கீழே உள்ள நி-யாக, வந்து உட்கார்ந்துகொண்டது. அது தோடியில் உள்ள நிஷாதம்தான் என்பதால் முதலில் யாருக்கும் உறுத்தவே இல்லை. "வேண்டுமென்றே இப்படி எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன்" என்றார் சார். நவீன இசையில் இது ஒரு வசதி.

மார்ச் 4, செவ்வாய்

ராத்திரி உட்கார்ந்து கிளாரினெட் பகுதி முழுவதையும் ஏற்றி எழுதினேன். காலையில் ஸ்வரங்கள் சரியாக விழுந்தன. தோடி மட்டும் வரவில்லை.

மூன்றாவது ஸ்வரமான காந்தாரம்தான் சிக்கல். தாளில் அது ஒரு பி-பிளாட், ஒரே ஒரு கறுப்புப் புள்ளி. பாடும்போதோ அந்தப் புள்ளியில் யாரும் நிற்பதே இல்லை. அதற்குக் கீழே உள்ள ரிஷபத்துக்கும் மேலே உள்ள மத்யமத்துக்கும் நடுவே ஊசலாடுகிற ஊசலாட்டத்துக்குத்தான் தோடி காந்தாரம் என்று பெயர். நான் அதன் மேல் ஒரு நெளிகோடு போட்டிருந்தேன். சார் அதைப் பார்த்து அழகாக, ஒரே சீராக அதிர்வு கொடுத்தார். கேட்க இனிமையாக இருந்தது, தோடியாக இல்லை.

என் பகுதியில் அந்த இடத்துக்கு நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். "க" என்று ஒரே எழுத்து. என் கைக்கு அது போதும். அடுத்தவர் கைக்கு எழுத வேண்டும் என்றபோதுதான், எனக்கு எவ்வளவு எழுதத் தெரியாது என்று தெரிந்தது.

பிப்பாக்காரி நோட்டேஷனைத் தள்ளி வைத்துவிட்டு, "பாடிக் காட்டு" என்றாள். பாடினேன். பிப்பாவுக்கும் வீணை மாதிரி, விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் மெட்டுக் கட்டைகள் உண்டு, ஆனால் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் தள்ளி ஸ்வரத்தை ஏற்றலாம். வீணையில் இழுக்கிறோமே, அதேதான். ரிஷபத்தில் விரலை வைத்துத் தந்தியைத் தள்ளித் தள்ளி விட்டாள். மூன்றாம் முறை வந்துவிட்டது! எனக்குச் சிலிர்த்தது. அவளோ சாதாரணமாக, "எங்கள் பக்கமும் இப்படித்தானே" என்றாள்.

அப்புறம் அவளே தந்திகளையும் மாற்றினாள். பிப்பாவின் வழக்கமான சுருதி ஏ, டி, இ, ஏ. தோடியில் ஐந்து கட்டைக்கு ஏ-யும் இல்லை, இ-யும் இல்லை. ஏ இரண்டையும் ஜி-க்கு இறக்கினாள், இ-யை டி ஆக்கினாள். ஸட்ஜம், பஞ்சமம், பஞ்சமம், ஸட்ஜம். என் வயலினும் ஜி, டி, ஜி, டி. இரண்டையும் சும்மா மீட்டினாலே தம்புரா போட்ட மாதிரி இருந்தது.

மார்ச் 5, புதன்

மாலையில் கலந்துரையாடல். அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1970-இல் கானாவுக்குப் போய் மேளம் கற்றுவந்தது, செல்லோ கலைஞர் யோ-யோ மா பல நாட்டு இசைக் கலைஞர்களைச் சேர்த்து 1998-இல் தொடங்கிய சில்க்ரோடு முயற்சி, அதில் பிப்பாவோடு சேர்ந்த வூ மான், எல்லாம் பேசினார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் வாசிக்கிறவரே இசையமைப்பது ஏதோ இப்போது முளைத்த விஷயம் போல ஒருவர் சொன்னபோது எனக்குப் பொறுக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

கீர்த்தனைகள் இயற்றிய முத்துசுவாமி தீட்சிதர் வீணை வாசித்தவர். 1835-இல் மறைந்தார். வெள்ளைக்காரர்களின் பேண்டு இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார், நோட்டுஸ்வரம் என்கிறோம். "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் அரச கீதத்தின் மெட்டு. அவர் தம்பி பாலுசாமி தீட்சிதர், ஐரோப்பிய வயலினைக் கற்று நம் இசைக்குள் கொண்டுவந்த முன்னோடி. நான் இங்கே வயலினோடு உட்கார்ந்திருப்பதே அந்தக் குடும்பத்தின் உபயம்.

இதெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் எனக்கே ஒன்று உறைத்தது. தீட்சிதர் அந்த மெட்டுகளில் கமகத்தை, ஸ்வரத்தை அசைத்து ஊசலாட விடுவதை, திணிக்கவில்லை. நேர் ஸ்வரமாகவே விட்டுவிட்டார். நானோ கிளாரினெட்டிடம் தோடி காந்தாரத்தைக் கேட்டு அடம்பிடிக்கிறேன்.

காந்தாரத்தைப் பிப்பாவுக்கு மாற்றிவிட்டேன். கிளாரினெட்டுக்கு நீளமான பஞ்சமமும் தைவதமும். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் முழுக் கச்சேரியே வாசித்தவர், அதனால் வாத்தியத்தைக் குறை சொல்ல வழியில்லை. ஆறு நாளில் அதை ஒருவரிடம் கேட்பதுதான் அநியாயம்.

மார்ச் 6, வியாழன்

இன்று கோர்வை, அதாவது மூன்று முறை வந்து தாளத்தின் தொடக்கத்தில் போய் முடிகிற சொற்கட்டு. தாளம் மிஸ்ரசாபு, ஏழு எண்ணிக்கை. நாலு ஆவர்த்தனத்துக்கு, அதாவது நாலு தாளச் சுற்றுக்கு, இருபத்தெட்டு. ஆறு ஆறாக மூன்று சொற்கட்டு, நடுவில் ஐந்து ஐந்தாக இரண்டு கார்வை, அதாவது இடைவெளி: பதினெட்டும் பத்தும் இருபத்தெட்டு, அடுத்தது சமம், தாளம் தொடங்கும் அடி.

ஏழு ஏழாகக் கோடு போட்டு எழுதினால் நடுச் சொற்கட்டும் இரண்டு கார்வைகளும் கோட்டைத் தாண்டி வழிகின்றன. சாருக்கு அது தலைவலி. "ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து, ஆறு என்று கட்டத்தை மாற்றிப் போட்டுவிடேன், கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பேன்" என்றார். போட்டுக் கொடுத்தேன். ஒரு தப்பும் இல்லாமல் வாசித்தார், கோர்வை செத்துப்போனது! அடியில் ஏழு ஓடிக்கொண்டே இருக்க, மேலே ஆறும் ஐந்தும் அதோடு முட்டிக்கொண்டு போய்க் கடைசியில் சமத்தில் விழ வேண்டும். தாளத்தையே ஆறும் ஐந்துமாக மாற்றிவிட்டால் முட்டுவதற்கு என்ன இருக்கிறது?

இதை வாயால் விளக்கிப் பயனில்லை என்று மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். தகிட தகதிமி, தகிட தகதிமி என்று இருவர் கைத்தட்டிக்கொண்டே இருக்க, மூன்றாமவர் கோர்வையைச் சொல்ல வேண்டும். பிப்பாக்காரி இரண்டு முறையில் பிடித்துக்கொண்டாள். சார் பதினோரு முறை தவறினார், பன்னிரண்டாவதில் சமத்தில் வந்து விழுந்து, "ஓ!" என்று கத்தினார். பிறகு பழைய ஏழு கட்டத் தாளையே கேட்டு வாங்கி, ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பென்சிலால் தகிட தகதிமி என்று அவர் லிபியில் எழுதிக்கொண்டார்.

மார்ச் 7, வெள்ளி

ஒத்திகை இல்லை. விரல் நுனி எரிகிறது.

மார்ச் 8, சனி

நிகழ்ச்சித் தாளின் அச்சுப் பிரதி வந்தது. "இசையமைப்பு" என்ற இடத்தில் என் பெயர் மட்டும். ஐந்தாவது நிமிடத்தில் கிளாரினெட் தனியாக வாசிக்கும் ஒன்றரை நிமிடத்துக்கு நான் எழுதிக் கொடுத்தது எட்டு ஸ்வரம். மீதி அவருடையது. காந்தாரம் பிப்பாக்காரியுடையது. போய்ச் சொன்னேன். "உருப்படி உங்களுடையதுதானே, மற்றவர்கள் வாசிக்கிறவர்கள்" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். வாசிக்கிறவர்களே இசையமைப்பதுதான் விழாவின் கருவே என்று ஞாபகப்படுத்தினேன். அச்சுக்குப் போயாகிவிட்டதாம்.

மார்ச் 9, ஞாயிறு

வாசித்தாயிற்று. விளக்குச் சூட்டில் பிப்பாவின் ஒரு ஜி தந்தி கொஞ்சம் இறங்கியது. அவள் அதையும் தள்ளியே சரிக்கட்டினாள், முன்வரிசைக்குக்கூடத் தெரிந்திருக்காது. கோர்வையில் சார் தலையை ஆட்டி ஆட்டி எண்ணியது மட்டும் கடைசி வரிசை வரை தெரிந்தது. சமத்தில் மூன்று பேரும் சேர்ந்து விழுந்தோம். மைக்கைப் பிடித்து மூன்று பெயரையும் நானே சொன்னேன்.

மார்ச் 11, செவ்வாய்

பள்ளி நூலகத்தில் சேர்த்துவைக்க நோட்டேஷன் கேட்டார்கள். என்னிடம் கணினியில் அடித்த சுத்தமான பிரதி இருக்கிறது. அதைக் கொடுக்காமல், மூன்று பேரும் பென்சிலால் கிறுக்கிய மூன்று தாள்களையும் கொண்டுபோனேன். நூலகர் முகம் சுளித்துக்கொண்டே ஸ்கேனரில் வைத்தார். பிப்பாக்காரி வரைந்த அம்புக்குறிகள் நன்றாக விழுந்தன. சார் எழுதிய தகிட தகதிமி வெளிறிப்போய்விட்டது. அவரையே கூப்பிட்டு, மேலேயே அழுத்தி எழுதச் சொன்னேன்.