தனியாக வரும் குழந்தைக்கு உடனே ஒரு காப்பாளர் வேண்டும்

பெற்றோர் இல்லாமல் எல்லை தாண்டி வரும் குழந்தைக்குச் சாப்பாடும் படுக்கையும் அவசரம்தான். அதே அவசரத்தோடு ஒரு காப்பாளரையும் நியமிக்க வேண்டும். எங்கே தங்குவது, எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவது என்று அந்தப் பிள்ளைக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

1989-ஆம் ஆண்டு ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 22-வது பிரிவு, தனியாக வந்த அகதிக் குழந்தைக்கும் பாதுகாப்புத் தரவும் அதன் குடும்பத்தைத் தேடவும் சொல்கிறது. இத்தாலி 2017-ல் தனிச் சட்டமே போட்டது: இப்படி வரும் சிறுவர்களை எல்லையில் திருப்பி அனுப்பக் கூடாது, பயிற்சி பெற்ற பொதுமக்கள் தன்னார்வக் காப்பாளர் ஆகலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

அமெரிக்காவிலோ குடிவரவு நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கேட்கும் பொதுவான உரிமை குழந்தைக்கும் இல்லை. எதிரே அரசு வக்கீல், இந்தப் பக்கம் சில சமயம் பள்ளிக்கூடமே போகாத பிள்ளை. கோபம்தான் வருகிறது.

அப்புறம் வயதுப் பிரச்சினை. பிறப்புச் சான்றிதழ் இருக்காது. எலும்பு எக்ஸ்ரே எடுத்து வயதைக் கணித்தாலும் ஓரிரண்டு வருடம் முன்பின் ஆகலாம். சந்தேகம் இருந்தால் குழந்தையாகவே நடத்துங்கள் என்று ஐ.நா. குழந்தை உரிமைக் குழு 2005-லேயே சொல்லிவிட்டது. அதை மதித்தாலே பல சிறுவர்கள் பெரியவர்களின் தடுப்பு முகாமுக்குப் போகாமல் தப்பிப்பார்கள்.