திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்

"எல்லோரும் எழுந்து நிற்போம்" என்று போதகர் சொன்னதும், கட்டிலில் படுத்திருந்த பெரியம்மா இரண்டு கைகளையும் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆராதனை ஓடிக்கொண்டிருந்தது கைப்பேசியில்தான்.

எழுந்து நிற்க அவரால் முடியாது. ஆனாலும் ஜெபம் முடியும்வரை முதுகைச் சாய்க்கவே இல்லை. கைப்பேசியை ஒரு தலையணைமேல் சாய்த்து வைத்திருந்தார். பாட்டு வந்தபோது அரை வரி பிந்தி, தனக்கு வந்த ராகத்தில் பாடினார்.

"வீட்டிலிருந்து பார்ப்பதெல்லாம் ஆராதனையா?" என்று கேட்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

சபை எப்போதும் இப்படி மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. ஆரம்பத்தில் வீடுகளில்தான் கூடினார்கள். 1921 ஜனவரியிலேயே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஆலய ஆராதனை வானொலியில் ஒலிபரப்பானது. 2020-இல் ஆலயக் கதவுகள் மூடியபோது உலகம் முழுக்க நேரலைக்கு வந்தார்கள்.

ஆனால் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து வேளை வந்ததும் பெரியம்மா சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் மனசைப் பிசைந்தது.

இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் என்ற இரத்தசாட்சி, கூடுகைக்கு வர முடியாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அப்பத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். அப்போது கேமரா இல்லை, ஆள் போனார்.

நேரலை நடத்தும் ஒவ்வொரு சபையும், பார்ப்பவர்களில் நடமாட முடியாதவர்கள் யார் யார் என்று கேட்டுக் குறித்து வைக்கட்டும். அப்புறம் அந்த வீடுகளுக்கு யாராவது போகட்டும், மாதம் ஒரு முறையாவது.