டெரிடேசியே படிப்பவர்களுக்கு: இலையைத் திருப்பிப் பாருங்கள்

எம்.எஸ்சி. தாவரவியல் முதலாம் ஆண்டுச் செய்முறைத் தேர்வில் அடியாண்டம் என்ற பெரணியின் இலை வைத்திருந்தார்கள். சோரஸை (வித்துப் பைகளான வித்தகங்களின் தொகுதியை) இன்டூசியம் என்ற காப்புச் சவ்வு மூடியிருக்கிறது என்று எழுதினேன், மதிப்பெண் போயிற்று. ‘பொய் இன்டூசியம்’ என்று எழுதியிருக்க வேண்டும். டெரிடேசியே என்ற பெரணிக் குடும்பத்தை நான் ஒழுங்காகப் படித்தது அதற்குப் பிறகுதான்.

இக்குடும்பத்தின் பெரும்பாலான பெரணிகளில் வித்தகங்களைக் காக்கத் தனிச் சவ்வு கிடையாது. இலை விளிம்பே உட்புறம் மடிந்து மூடிக்கொள்கிறது. இதுதான் பொய் இன்டூசியம். இதைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்யாதீர்கள். ஈரம் கசியும் பழைய செங்கல் சுவர் எங்காவது இருந்தால் போய்த் தேடுங்கள். டெரிஸ் விட்டேட்டா கிடைக்கும், சில சமயம் அடியாண்டமும் கிடைக்கும். கைலென்ஸை வைத்துக்கொண்டு ஊசியால் மடிப்பை நிமிர்த்துங்கள். டெரிஸில் வித்தகங்கள் விளிம்போரமாக ஒரே கோடாய் இலையிலேயே நிற்கும். அடியாண்டத்தில் அவை மடிப்போடு சேர்ந்து எழும்பும், ஏனெனில் ஒட்டியிருப்பதே மடிப்பின் உட்புறத்தில்தான். ஒருமுறை கண்ணால் பார்த்தவருக்கு இது மறக்காது.

வகைப்பாட்டுக் கேள்விக்கு 2016இல் வெளிவந்த பன்னாட்டு வகைப்பாட்டைப் பின்பற்றுங்கள்: 5 துணைக்குடும்பங்கள், 53 பேரினங்கள், ஏறத்தாழ 1,200 சிற்றினங்கள். எண்களை எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். விடைக்கு உயிர் கொடுப்பது வேறு. பெரும்பாலும் தரையிலும் பாறையிலும் வளரும் இக்குடும்பத்தில், மரத்தில் தொற்றி வாழும் புல் போன்ற விட்டாரியா அடியாண்டத்தோடு ஒரே துணைக்குடும்பத்தில் இருக்கிறது. சதுப்புநிலக் காடுகளில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் அக்ரோஸ்டிக்கத்துக்கு மிக நெருங்கிய உறவு, நீரில் வளரும் மென்மையான செரடாப்டெரிஸ். வெளித்தோற்றத்தை நம்பிய பழைய வகைப்பாடுகள் இவற்றைத் தனித்தனிக் குடும்பங்களில் வைத்திருந்தன. டி.என்.ஏ. ஒப்பீடுதான் இவற்றைச் சேர்த்தது. இந்தக் காரணத்தைக் கட்டாயம் எழுதுங்கள். பலர் பெயர்ப் பட்டியலோடு நிறுத்திவிடுகிறார்கள்.

இன்னொரு குழப்பம், இலையடி வெண்பொடி. வெள்ளிப் பெரணி எனப்படும் பிட்டிரோகிராமாவைக் கையில் அழுத்தினால் இலையின் அச்சு அப்படியே பதியும். பொடியைக் கண்டதும் அந்தப் பெயரை எழுதிவிடாதீர்கள். வேறொரு துணைக்குடும்பத்தைச் சேர்ந்த அலூரிட்டோப்டெரிஸிலும் அதே பொடி உண்டு. விளிம்பைப் பாருங்கள்: அலூரிட்டோப்டெரிஸில் மடிப்பு இருக்கும், பிட்டிரோகிராமாவில் இருக்காது, வித்தகங்கள் நரம்புகளின் மேல் திறந்தே கிடக்கும்.